காத்தை எறக்காம நட்டைத் தொடாதீங்க

ஏற்காட்டு மலையில காப்பித் தோட்டம் வெச்சிருக்கற வீடுகள்ல பெரும்பாலும் ஒரு முரட்டு வண்டி நிக்கும். சில வீட்ல பழைய மஹிந்திரா மேஜர், சில வீட்ல டாடா 407, எங்க வீட்ல ராணுவ ஏலத்துல இருந்து வந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் லாரி. 9.00-20 சைஸ்ல கட்டை கட்டையா பட்டன் வெச்ச டயர், முன்னாடியும் பின்னாடியும் சிங்கிள் வீல்தான், டிஸ்க்ல, அதாவது டயரு உக்கார்ற இரும்பு வீல்ல, டயரு வெளிய வராம பிடிக்கற லாக் ரிங்குங்கற இரும்பு வளையம் போட்ட பழைய டைப்பு. சில்வர் ஓக் மரம் இறக்கறதுல இருந்து எரு மூட்டை ஏத்தறது வரைக்கும் தோட்டத்து வேலை பூரா அதுலதான் நடக்குது. அந்த வண்டிக்கு பஞ்சர் ஆனா வீட்லயே எப்படிப் பாக்கறது, அதுல எது நம்ம செய்யலாம், எதுல உயிர் போகும், இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

ஏன் வீட்ல பாக்கணும்னு கேப்பீங்க. டயர், டியூப், டியூப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல வர்ற ஃபிளாப்புங்கற ரப்பர் பட்டை, டிஸ்க், ரிங்கு எல்லாம் சேந்து ஒரு வீலு 100 கிலோவுக்குப் பக்கம் வரும். அதை இன்னொரு வண்டில ஏத்தி, 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி சேலத்துல பைபாஸ் பக்கம் இருக்கற லாரி பஞ்சர்க்கடைக்குக் கொண்டு போயி, ஒட்டி, திரும்ப மேல கொண்டு வர்றதுக்குள்ள ஒரு நாள் போயிடும். அறுவடை சமயத்துல, அதாவது நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், பறிச்ச பழம் அன்னைக்கே தோலு உரிக்கற மெஷினுக்கு, அதாவது பல்பருக்குப் போகணும், அப்ப ஒரு நாள் வண்டி நின்னா எவ்ளோ நஷ்டம்னு தோட்டக்காரங்களுக்குத் தெரியும். ஸ்டெப்னி இருக்கேன்னு சொல்லலாம், ஆனா ஸ்டெப்னி மாட்டின பின்னாடி அடுத்த பஞ்சருக்கு கையில ஒண்ணும் இருக்காது, மலை ரோட்டுல அந்த நெலமையில ஓட்டறது எனக்கு சம்மதமில்ல.

இங்க டயரு கிழியறதுக்கு ஆணி காரணமா இருக்கறது கொறைவு. சேர்வராயன் மலை பூரா சார்னோகைட்டுங்கற கருங்கல்லு, ரொம்ப கெட்டியான கல்லு, புதுசா ஒடச்ச ஜல்லி போட்ட தோட்டத்து ரோட்டுல அதோட ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அது பட்டனுக்கு நடுவுல பூந்து அப்படியே உள்ள ஏறிடும். அதை விட மோசம் காப்பிச் செடியோட கட்டை. கவாத்து பண்றப்ப சாய்வா வெட்டி விட்டது காஞ்சதுக்கப்புறம் ஆப்பு மாதிரி நிக்கும், ரிவர்ஸ் எடுக்கறப்ப டயரோட சைடுல குத்திடும், பட்டன் எவ்ளோ தடிமனா இருந்தாலும் சைடு அவ்ளோ தடிமன் கெடையாது. சைடு கிழிஞ்ச டயர ஒட்டி ஓட்டறதுல எனக்கு நம்பிக்கையில்ல, உள்ள நூலு அறுந்திருந்தா அந்த டயரு லோடு வண்டிக்கு லாயக்கில்லன்னு தூக்கிப் போட்டுடணும்.

மூணாவது காரணம் ஒண்ணு இருக்கு, நிறைய பேரு அதை பஞ்சர்னே நெனைச்சுக்கறாங்க. மழைக்காலத்துல சேத்துல பிடிமானம் வேணும்னு காத்தைக் கொறைப்போம், கொறைச்சா டயரு தரையில அதிக எடத்துல பதியும், நல்லா இழுக்கும், உண்மைதான். ஆனா டியூப் டயர்ல காத்து ரொம்பக் கொறைஞ்சா டிஸ்க்கு சுத்தற வேகத்துக்கு டயரு சுத்தாது, கொஞ்சம் கொஞ்சமா நழுவும், உள்ள டியூப்பும் டயரோட சேந்து நகரும், வால்வு மட்டும் டிஸ்க்கு ஓட்டையில மாட்டிக்கிட்டு இருக்கும், கடைசில வால்வு அடியோட பிஞ்சிடும். அது ஒட்டற கேஸே இல்ல, டியூப்பை மாத்தணும். வால்வு நேரா நிக்காம சாஞ்சு நின்னுதுன்னா உள்ள டியூப்பு நகர ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், அப்பவே பிரிச்சுப் பாத்துட்டா ஒரு டியூப்பு மிச்சம்.

எங்க வீட்ல இந்த வேலைக்கு எடம் காப்பி காயப்போடற களம்தான், மலையில சமதளமா, சிமெண்டு போட்டதா வேற எடம் எங்க இருக்கு சொல்லுங்க. அறுவடை முடிஞ்சு களம் காலியா இருந்தா நிம்மதியா பாக்கலாம், காப்பி காயற நேரம்னா ஓரமா தார்ப்பாய் விரிச்சு அது மேலதான், டீசல் வாடை பட்ட காப்பிய எவனும் வாங்க மாட்டான்.

தோட்டத்துக்குள்ள சரிவுல நின்னுடுச்சுன்னா ஜாக்கி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிக்கணும். பழைய ஜீப்புங்க பலதுல ஹேண்ட் பிரேக்கு வீல்ல பிடிக்காது, கியர் பெட்டில இருந்து வீலுக்கு சுத்தைக் கொண்டு போற ஷாஃப்ட்ல பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டில பின்னாடி ஒரு வீலைத் தூக்கினா என்ன ஆகும்? ஷாஃப்ட்டு நிக்கும், ஆனா ரெண்டு வீலும் வேற வேற வேகத்துல சுத்தறதுக்காக நடுவுல டிஃபரன்சியல் இருக்கே, தூக்கின வீலு ஒரு பக்கம் சுத்த, தரையில இருக்கற வீலு எதிர்ப்பக்கம் சுத்த, வண்டி ஜாக்கிய விட்டு நகந்து போயிடும், ஹேண்ட் பிரேக்கு போட்டது போட்டபடியே இருக்கும். கியர்ல போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான், ஏன்னா கியரும் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்குது. அதனால ஃபோர் வீல்ல மாத்தி லோ-ல முதல் கியர் போட்டு, முன் வீலும் சேந்து பிடிக்கற மாதிரி பண்ணிட்டு, அதுக்கப்புறமும் தரையில இருக்கற வீலுங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் நல்ல கட்டையா குடுக்கணும். ஜாக்கிக்கு அடியில செம்மண்ணு இருந்தா அகலமான பலகை போடாம ஏத்தக் கூடாது, மழை பேஞ்ச மண்ணுல ஜாக்கி அப்படியே உள்ள எறங்கும். ஆக்சிலுக்கு அடியில தனியா கட்டை அடுக்கின பின்னாடிதான் வீல கழட்டணும், ஜாக்கிய மட்டும் நம்பி எந்த வேலையும் கெடையாது.

நட்டு லூஸ் பண்றது தூக்கறதுக்கு முன்னாடி, தரையில இருக்கும்போது. பழைய லாரிங்க நிறையதுல இடது பக்க வீலுக்கு இடது மரை இருக்கும், அதாவது வழக்கத்துக்கு நேர் எதிரா சுத்தினாத்தான் கழலும். அது தெரியாம பைப்பு போட்டு ரெண்டு பேரு ஏறி மிதிச்சு போல்ட்டையே முறிச்சவங்க உண்டு.

ஆனா அந்த நட்டைத் தொடறதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு.

எனக்கு இந்த வேலைய சொல்லிக் குடுத்தவர் சேலத்துல லாரி பஞ்சர்க்கடை வெச்சிருந்த ஒரு பெரியவர். அவர்கிட்ட வீலைக் கொண்டு போனா வாங்க போங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி கேக்கற மொத கேள்வி, "கண்ணு, பின்னை எடுத்துட்டியா?" வால்வுக்குள்ள இருக்கற பின்னை. எடுத்தாச்சுங்கய்யான்னு சொன்னாலும் விட மாட்டாரு, ஒரு மெல்லிசு கம்பிய எடுத்து வால்வுக்குள்ள விட்டு ஆட்டிப் பாப்பாரு, ஏன்னா சில நேரம் பின்னை எடுத்தும் பவுடரும் தண்ணியும் சேந்து வால்வு அடைச்சிருக்கும், வெளிய பாத்தா காத்தே இல்லாத மாதிரி தெரியும், உள்ள பாதிக் காத்து அப்படியே இருக்கும். பஞ்சர்னு தெரிஞ்சாலே, காத்து கொறைஞ்ச நெலமையில ஓடின வீல்னாலே, வண்டில இருந்து கழட்டறதுக்கு முன்னாடியே பின்னை எடுத்து மொத்தக் காத்தையும் எறக்கிடணும். காத்து கொறைஞ்சு ஓடறப்ப லாக் ரிங் அதோட எடத்துல இருந்து அசைஞ்சிருக்கும், நம்ம நட்ட லூஸ் பண்ண ஆரம்பிக்கற அந்த நேரத்துல அது வெடிச்சுக் கெளம்பலாம்.

ராணுவ வண்டி வாங்கினவங்க இன்னொண்ணும் பாக்கணும். சில ராணுவ வண்டிங்கள்ல லாக் ரிங்கே இருக்காது, டிஸ்க்கு ரெண்டு பாதியா இருக்கும், ரெண்டையும் சேத்து சுத்திலும் நட்டு போட்டு முறுக்கியிருப்பாங்க. வெளிய இருந்து பாத்தா ரெண்டு வரிசை நட்டு தெரியும், ஒரு வரிசை வீலை ஹப்போட சேக்கறது, இன்னொரு வரிசை டிஸ்க்கோட ரெண்டு பாதியையும் சேத்துப் பிடிக்கறது. காத்து இருக்கும்போது ரெண்டாவது வரிசைய லூஸ் பண்ணினா அந்த டிஸ்க்கு பாதி அப்படியே நம்ம மூஞ்சிக்கு வரும். சில எடத்துல அந்த நட்டுக்கெல்லாம் சிவப்பு பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க, பழைய வண்டில பெயிண்ட் எங்க இருக்கப் போகுது. வண்டி வாங்கின உடனே எந்த நட்டு எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு நம்மளே பெயிண்ட் அடிச்சு வெச்சுக்கறது நல்லது.

காத்து மொத்தமா எறங்கினதுக்கப்புறம் மிச்சமெல்லாம் உடம்பு வேலைதான், பயப்பட ஒண்ணுமில்ல. லாக் ரிங் மேல பாத்த மாதிரி வீலைப் படுக்கப் போடணும். டயரோட ஓரம் டிஸ்க்கோட ஒட்டிப் பிடிச்சிருக்கும், இந்த மலை ஈரத்துல துரு ஏறி ரொம்பவே பிடிச்சிருக்கும். சம்மட்டியால அடிச்சு அடிச்சு கை வலிக்கறதை விட, வண்டிய வெச்சே விடுவிக்கலாம்: வீலை வண்டியோட பம்பருக்கு அடியில போட்டு, டயரு ஓரத்துல கட்டைய வெச்சு, அது மேல ஜாக்கிய நிறுத்தி பம்பருக்கு முட்டுக் குடுத்து ஏத்தினா, வண்டியோட எடையே டயர அமுக்கிப் பிரிச்சிடும். சோப்புத் தண்ணி தாராளமா ஊத்தணும். டீசலோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊறி கெட்டுப் போகும். ஓரம் எறங்கினதும் லாக் ரிங்கோட வாய்ல லீவரைக் குடுத்து நெம்பி, சுத்திலும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா வந்துடும்.

கழட்டறதுக்கு முன்னாடி வால்வு இருக்கற எடத்துக்கு நேரா டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வெச்சுக்கங்க. டியூப்பை வெளிய எடுத்து காத்து அடிச்சு தொட்டியில முக்கி ஓட்டை எங்கன்னு பாத்ததும், வால்வுல இருந்து அது எவ்ளோ தூரம்னு அளந்து, டயர்லயும் அதே எடத்தைத் தேடலாம். குத்தின கல்லோ கம்பியோ டயர்ல இன்னும் இருந்தா டியூப்பை எவ்ளோ அழகா ஒட்டினாலும் அடுத்த நாளே திரும்ப ஓட்டைதான். டயருக்குள்ள வெறுங்கைய விட்டுத் தடவாதீங்க, பழைய துணிய சுருட்டி சுத்திலும் தேய்ங்க, கம்பி இருந்தா துணிய இழுக்கும்.

ஒட்டறதுல அவசரம்தான் எதிரி. ஓட்டைய சுத்தி அரத்தால நல்லா சொரண்டி, தூசி தொடைச்சு, சொல்யூஷன் மெல்லிசா தடவி, அது பளபளப்பு போயி விரல்ல லேசா ஒட்டற பதம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், மலையில பனி மூடின நாள்ல இது சேலத்து வெயில்ல ஆகறதை விட ரொம்ப நேரம் ஆகும். லாரி டியூப்புக்கு எனக்குப் பிடிச்சது சுட்டு ஒட்டறதுதான், பச்சை ரப்பர் வெச்சு கிளாம்ப்ல இறுக்கி சூடு பண்ணினா ஒட்டும் டியூப்பும் ஒரே ரப்பரா ஆயிடும், 1839ல சார்லஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சூடு பண்ணி கண்டுபுடிச்ச அதே வேலைதான் இன்னைக்கும் ரோட்டோரக் கடையில நடக்குது. லோடு வண்டி மலை எறங்கும்போது பிரேக் சூட்டுல டிஸ்க்கு கொதிக்கும், அந்த சூட்டுல சுடாம சொல்யூஷன்ல மட்டும் ஒட்டின ஒட்டு கழண்டு வர்ற வாய்ப்பு இருக்கு, சுட்ட ஒட்டு தாங்கும்.

திரும்பப் பூட்டறதுக்கு முன்னாடி டிஸ்க்கையும் ரிங்கையும் கம்பி பிரஷ் போட்டு தேச்சு, ரிங்கு உக்கார்ற பள்ளத்துல துருவே இல்லாம எடுத்துட்டு, நல்ல வெளிச்சத்துல விரிசல் இருக்கான்னு பாக்கணும். விரிசல் இருந்தாலும், ரிங்கு வளைஞ்சிருந்தாலும், அதை சூடு பண்ணி நிமித்தவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. டயரு மாட்டின டிஸ்க்குல வெல்டிங் அடிக்கறது அதை விடப் பெரிய கொடுமை, உள்ள ரப்பர் வெந்து வாயு உண்டாகி வெடிக்கும். ஒரு டிஸ்க்கோட ரிங்கை இன்னொரு டிஸ்க்குக்குப் போடறதும் அப்படித்தான், பாக்க ஒரே அளவாத் தெரியும், பள்ளத்துல சரியா உக்காராது. அந்தப் பெரியவர் கடையில கழட்டின ரிங்கை எல்லாம் அதது டிஸ்க்கோடயே கட்டுக்கம்பி போட்டு கட்டி வெச்சிருப்பாரு, எவ்ளோ கூட்டமா இருந்தாலும்.

டியூப்புக்கு பவுடர் தடவி, உருண்டையா வர்ற அளவுக்கு மட்டும் காத்து விட்டு உள்ள வெச்சு, ஃபிளாப்பு மடியாம நேரா வெச்சு, டிஸ்க்கை எறக்கி, ரிங்கைத் தட்டி உக்கார வெச்சு, சுத்திலும் ஒரு எடம் விடாம பாக்கணும்.

காத்து அடிச்சு முடிச்ச பின்னாடிதான் (அதைக் கீழ சொல்றேன்) வண்டியில மாட்டணும், அப்ப 100 கிலோ வீல தூக்கணும்னு அவசியமே இல்ல. வீலை நிக்க வெச்சு உருட்டிக் கொண்டு போயி, ஆக்சில ஜாக்கில ஏத்தி எறக்கி போல்ட்டை ஓட்டைக்கு நேரா கொண்டு வந்துட்டா, அடியில கடப்பாரை குடுத்து ஒரு நெம்பு நெம்பினா போதும். நட்டை எதிரெதிரா மாத்தி மாத்தி முறுக்கணும், கொஞ்ச தூரம் லோடோட ஓட்டிட்டு வந்து இன்னொரு தடவை கண்டிப்பா முறுக்கணும். ஃபோர் வீல் வண்டிக்கு இன்னொரு கவலையும் உண்டு, மொட்டை டயரும் புது டயரும் கலந்து போட்டா சுத்தளவு வித்தியாசத்துல முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும், கெட்டியான ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டினா முன்னாடிக்கும் பின்னாடிக்கும் சக்திய பிரிச்சுக் குடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும். தையல் டேப்ப டயர சுத்தி போட்டு அளந்து, கிட்டக்கிட்ட இருக்கறதா பாத்து மாட்டுங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன், காத்து அடிக்கறது.

100 பவுண்டு காத்துன்னா ஒவ்வொரு சதுர இன்ச்சு மேலயும் 45 கிலோ அமுக்குதுன்னு அர்த்தம். 9.00-20 டயரு கிட்டத்தட்ட 40 இன்ச்சு உயரம், நடுவுல 20 இன்ச்சு டிஸ்க்கு போக, ஒரு பக்கத்து சைடு மட்டும் 900 சதுர இன்ச்சுக்கு மேல வரும். பெருக்கிப் பாத்தா 40 டன்னு. லோடு ஏத்தின நாலு லாரியோட எடைக்கு சமமான அமுக்கம் டயரோட ஒரு பக்கத்துல, அந்தப் பக்கம் டிஸ்க்கை விட்டு வெளிய வராம தடுக்கறது விரல் தடிமன் இருக்கற ஒரு இரும்பு வளையம். அது பள்ளத்துல சரியா உக்காந்திருந்தா வருசக்கணக்கா ஓடும். ஒரு பக்கம் துருவுல ஏறி நின்னிருந்தா, காத்து ஏற ஏற, அது கெளம்பற நேரம் நம்ம அதுக்கு நேரா குனிஞ்சு நின்னு வால்வைப் பிடிச்சுக்கிட்டு இருப்போம். கத்தறதுக்குக் கூட நேரம் இருக்காது. பஞ்சர்க்கடையில வேலை பாக்கறது பெரும்பாலும் சின்னப் பசங்க, இது எனக்கு மனசு ஆறாத விசயம்.

அமெரிக்காவுல இந்த ரிங்கு வீலு வேலைக்குன்னே 1980ல தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்துல விதி கொண்டு வந்தாங்க, 1984ல ரிங்கு இல்லாத பெரிய வீலுக்கும் அதை நீட்டினாங்க. அதுல சொல்றது நம்ம களத்துலயும் செய்ய முடிஞ்ச விசயம்தான். ரிங்கு வீலை இரும்புக் கூண்டுக்குள்ள வெச்சுத்தான் காத்து அடிக்கணும். வால்வுல தானா கவ்விக்கற கிளிப்பு, நடுவுல மீட்டரும் மூடித் தெறக்கற வால்வும் வெச்ச நீளமான ஓஸு, இதை மாட்டிட்டு ரிங்கு பறந்தா வர்ற பாதைய விட்டுத் தள்ளி நிக்கணும். காத்து இருக்கும்போது ரிங்கு சரியா உக்காரலைன்னு தெரிஞ்சா சுத்தியலால தட்டவே கூடாது, மொத்தக் காத்தையும் எறக்கிட்டு, பிரிச்சு, திரும்பப் பூட்டணும். நம்ம ஊர்ல கை தானா சுத்தியலுக்குப் போறது அந்த எடத்துலதான்.

நிறைய பேரு வீலை லாரிக்கு அடியில தள்ளி, ரிங்கு தரையப் பாத்த மாதிரி போட்டு காத்து அடிப்பாங்க, இல்லன்னா டிஸ்க்கு ஓட்டைக்குள்ள சங்கிலி விட்டு கட்டிடுவாங்க. ஒண்ணுமே பண்ணாததுக்கு அது தேவலாம், ஆனா தரையில மோதி மொத்த வீலும் எகிறும், சங்கிலி அறும். அதனால கூண்டு வேணும். காத்துக்கு தனி கம்ப்ரசர் இல்லைன்னாலும் பரவால்ல, ஏர் பிரேக்கு வண்டில ஏர் டேங்குல இருந்தே ஓஸு போட்டு அடிக்கலாம், லாரிக்காரங்க ரோட்ல அப்படித்தான் அடிக்கறாங்க. முதல்ல முழுசா அடிச்சு, பின்னை எடுத்து எறக்கிட்டு, திரும்ப அடிச்சா டியூப்பு உள்ள மடிப்பு இல்லாம உக்காரும். இன்னொண்ணு, சேலத்துல வெயில்ல 100 பவுண்டு அடிச்சுட்டு மலை ஏறி வந்தீங்கன்னா, உயரத்தால மீட்டர்ல 2 பவுண்டு கூடத் தெரியணும், ஆனா இங்க குளிருக்கு 4 பவுண்டு கொறையும், அதனால ஏற்காட்ல வெச்சு அளக்கறதுதான் நம்ம வண்டிக்கு சரியான கணக்கு.

கூண்டை யாரோ ஒருத்தர் மட்டும் காசு போட்டு செய்யணும்னு இல்ல. நாகலூர் பக்கமோ மஞ்சக்குட்டை பக்கமோ நாலு தோட்டக்காரங்க சேந்து ஒண்ணு செஞ்சு பொதுவா ஒரு களத்துல வெச்சா எல்லாருக்கும் ஆச்சு, ஊருக்குள்ள இருக்கற பஞ்சர்க்கடைக்காரரும் வந்து பயன்படுத்திக்கட்டும், அந்தப் பையனுக்கும் அது பாதுகாப்பு. சேலத்துல லாரி பாடி கட்டற வெல்டருங்ககிட்ட குடுங்க, வீட்டு கேட், கம்பி அடிக்கற வெல்டருகிட்ட குடுக்காதீங்க, ஏன்னா டயருக்கு உச்சமா சொல்லியிருக்கற காத்துல ஒண்ணரை மடங்கு அடிச்சு வெடிச்சாலும் கூண்டு தாங்கணும்ங்கறது விதி. நல்ல தடிமனான பைப்பு, வீலை உருட்டி உள்ள விட வசதியா ரெண்டு பக்கமும் தெறந்து, தரையோட போல்ட்டு போட்டு இறுக்காம தனியா நிக்கற மாதிரி. பயன்படுத்தற நாள்ல எல்லாம் வெல்டிங்ல விரிசல் இருக்கான்னு பாத்துட்டுத்தான் வீலை உள்ள விடணும். அறுவடைக்கு முன்னாடி, அக்டோபருக்குள்ள செஞ்சு மேல கொண்டு வந்துடுங்க. வெல்டருகிட்ட போறப்ப உங்க எல்லாரோட டயரு சைஸையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, இருக்கறதுலயே பெரிய டயருக்குத்தான் கூண்டு அளவு எடுக்கணும்.